மேனேஜரின் பெல்ட்டைப் பிடித்த வெர்னா

அமெரிக்காவின் ஒமாஹா நகர ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வெர்னா டோல்ஃப்சன் 1932-இல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். நர்ஸ் படிப்பு வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, எடை நூற்றுப் பதினைந்து பவுண்டைத் தாண்டக் கூடாது. திங்கட்கிழமைதோறும் சரக்கு மூட்டைகளை எடை போடும் தராசிலேயே அவளையும் ஏற்றினார்கள்.

"வானத்தில் ஒரு வரவேற்பறை" என்று கம்பெனி விளம்பரம் செய்தது. எழுதியவர் கிளை மேனேஜர் ஸ்ட்ரௌட். அந்த வரவேற்பறையில் பத்துப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அட்டைக் கிண்ணத்தில் வாந்தி எடுப்பார்கள். செயென் நகரம் போய்ச் சேரும்வரை வெர்னா கிண்ணம் ஏந்துவாள். மேகம் கறுத்தால் விமானி ஏதாவதொரு மேய்ச்சல் நிலத்தில் இறக்கிவிடுவார். விருந்தாளிகள் மிச்ச தூரத்தை ரயிலில் கடப்பார்கள். விளம்பரம் எழுதிய மகானோ எப்போதுமே ரயிலில்தான் போவார்.

அந்த ஜூலையில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரை இலவசமாக அழைத்துப்போக ஏற்பாடாயிற்று. "நீங்களும் வர்றீங்கல்ல சார்?" என்று அவர்களில் ஒருவன் எல்லோர் முன்னாலும் கேட்டுத் தொலைத்தான். ஸ்ட்ரௌட் பல்லைக் காட்டியபடி ஏறினார்.

வழியிலிருந்த நார்த் பிளாட் ஊரைத் தாண்டியதும் வெயில் காற்றில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. பத்திரிகைக்காரர்கள் கிண்ணத்துக்குள் தலையை விட்டவர்கள் நிமிரவே இல்லை. ஸ்ட்ரௌட் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார். கழிப்பறைக் கதவை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த வெளிக்கதவின் கைப்பிடியைத் திருகினார். வெர்னா பாய்ந்து அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"சார், அது வெளிய போற கதவு!"

"விடு என்னை! அவசரம்!"

"அந்த வழியா போனா ரொம்பச் சீக்கிரம் போய்ச் சேந்துடுவீங்க. இந்தாங்க, இதுல எடுங்க."

மறுநாள் பத்திரிகையில், பதறிய பணிப்பெண்ணுக்கு மேனேஜர் தைரியம் சொன்னதாகச் செய்தி வந்தது. பத்திரிகைக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவைத்தவர் மேனேஜரேதான். வெர்னா அதை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"பதறினது நானா சார்?"

"கம்பெனி பேரு முக்கியம்மா. நான் பயந்தேன்னு போட்டா யாரு டிக்கெட் வாங்குவா? பொம்பள பயந்தா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"சரி. அடுத்த தடவ கதவத் திறக்கறப்ப, கம்பெனி பேரையே வந்து பெல்ட்டப் பிடிக்கச் சொல்லுங்க."

அடுத்த திங்கட்கிழமை தராசு நூற்றுப் பதினாறு காட்டியது. வேலைநீக்கக் கடிதம் முன்கூட்டியே தட்டச்சாகி இருந்தது.

கிண்ணங்கள் ஒழிந்ததில் அவளுக்கு நிம்மதிதான். ஆனால் காலை வெயிலில் பிளாட் ஆறு இழை இழையாகப் பிரிந்து ஓடுவதை இனி மேலிருந்து பார்க்க முடியாதே என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினாள். ஸ்ட்ரௌட் கம்பெனியின் துணைத்தலைவரானார். விமானப் பயணத்தை வளர்த்த வீரர் என்று விருந்து வைத்துக் கேடயமும் கொடுத்தார்கள்.

1961-இல் சியாட்டிலில் இருந்த தங்கையைப் பார்க்க வெர்னா ஜெட் விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்கு டிக்கெட் வாங்கினாள். பணிப்பெண் குனிந்து, "மொத தடவையாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் வெர்னா, "உக்காந்துக்கிட்டுப் போறது இதுதான் மொத தடவ."