ஒரு வளவு, இரண்டு பானை

அம்மா இணுவிலில் பிறந்து, சீதனமாகக் கிடைத்த அதே வளவில் வாழ்ந்து, அங்கேயே கண்மூடியவர். கரவெட்டியிலிருந்து வந்தவர் அப்பாதான். இருவரும் புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்து, ஒரே பிள்ளையான என்னைப் படிப்பித்தார்கள். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் இருந்த நாட்களிலும், மூன்று கல் தேடித் தன் அடுப்பைத் தனியாக மூட்டியவர் அம்மா. அந்த வீம்பின் அருமை எனக்குக் கலியாணம் முடித்த பிறகே விளங்கியது.

என் மனைவிக்கென்று கட்டத் தொடங்கிய சீதன வீடு, சீமெந்தும் கம்பியும் விலையேறிய காலத்தில் அத்திவாரத்தோடு நின்றுவிட்டது. வாடகைக்குப் போனால் இருவர் சம்பளமும் அதற்கே சரி. ஆகவே அம்மாவின் வீட்டிலேயே இருந்தோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம் என்பதால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு வெளியே முகம் காட்டவே கூச்சமாக இருந்தது.

அந்தத் தைப்பொங்கலுக்கு அம்மா முற்றத்தில் இரண்டு கோலம் போட்டு, இரண்டு அடுப்பு வைத்தார்.

“ஒரு வீட்டுக்கு ரெண்டு பானை என்னத்துக்கம்மா?”

“சேர்ந்திருக்கிறது வேறை தம்பி, ஒட்டியிருக்கிறது வேறை. நீ உன்ரை பானையை வை.”

எங்கள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அம்மா அதையே அள்ளி, “இது மருமகளின்ரை பொங்கல்” என்று அயல் முழுக்கக் கொடுத்து எங்கள் மானத்தை வாங்கினார்.

பிறகொரு நாள் அப்பாவின் ஒன்றுவிட்ட தமக்கை, மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார். வீட்டுக்கே சேர்த்து ஒரு அழைப்புக் காட்தான் தந்தார்.

“மகன் இன்னும் உங்களோடைதானோ மச்சாள்?”

“ஓம், இந்த வளவுக்கைதான். ஆனால் உலை வேறை. அவையளுக்கும் ஒரு காட் தாங்கோ.”

நாங்கள் தினமும் உண்டது ஒரே உலைச் சோறு! மாமி அடுத்த நாளே எங்கள் பெயரில் காட் கொண்டுவந்தார்.

“ரெண்டு காட் எண்டால் ரெண்டு என்வலப்பிலை காசு வைக்கவேணுமெல்லோ” என்று அப்பா முணுமுணுத்தார். நானோ அந்தக் காட்டை அலுமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தேன். அன்றிலிருந்து ஊருக்குள் நிமிர்ந்து நடந்தேன்.

நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது அம்மா என் கையைப் பிடித்தார். “நான் போனாப் பிறகும் ரெண்டு பானை வையுங்கோ. கொப்பா உங்களோடை ஒட்டிக்கொண்டு இருக்கிறார் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது.” எனக்காக வைத்த பானை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தன் சீதன வளவுக்கு வந்து வாழ்ந்த அப்பாவையும் நினைத்துத்தான் வைத்திருக்கிறார். அம்மாவை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

நோயில் துணைநின்ற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டில் எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், பந்தல் போட்டுத் தந்த நண்பர்களுக்கும், இன்று ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

துக்க வருடம் என்பதால் இந்தத் தைக்கு நாங்கள் பொங்கவில்லை. வருகிற தைக்கு அப்பா தன் பானையைத் தானே வைப்பார். அரிசி களையவே இப்போதுதான் பழகுகிறார், அடிப்பிடித்தாலும் அயல் முழுக்கக் கொடுப்போம்.

உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்ல காரியம் சொல்ல எங்கள் வளவுக்கு வரும்போது, அப்பாவுக்குத் தனியாக ஒரு காட் கொண்டுவாருங்கள்.