லைசென்ஸ் இல்லாத ஒரு வருடம்

மருத்துவமனைகளுக்கு வெளுத்த துணி கொண்டுபோகும் வேன் டிரைவர் அவர். சலவை ஆலையில் எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது வரை யாரையும் இடித்ததில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் கேமரா சும்மா இருக்குமா? இரண்டு வருடத்தில் வேகத்துக்காக நான்கு முறை, சிவப்பு விளக்கைத் தாண்டி இரண்டு முறை மாட்டினார். ஏழாவது, ஒரு பள்ளிக்கூட வாசலில். அதோடு ஒரு வருடத்துக்கு லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

"வேலை போகலன்னு சந்தோஷப்படுங்கண்ணே" என்று மேலாளர் அவரைத் துணி மடிக்கும் மேசைக்கு அனுப்பினார்.

காலை ஏழு மணியிலிருந்து படுக்கை விரிப்புதான். உதறு, மூலையைச் சேர், மடி, அடுக்கு. நீராவியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே அவர் வேனை வேறொருவர் பின்னால் எடுப்பார். கியர் உறுமும் சத்தத்தில் இவருக்குப் பல் கூசும்.

வீட்டில் கார் தூசி படிந்து நின்றது. ஆலைக்குப் போகும் வழியில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்க்கும் மனைவியும் அவரும் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். ஒரு மாலை, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி புலம்பினார்.

"லைசென்ஸ் வந்துரட்டும். அப்புறம் உனக்கு இந்த நெரிசல் இருக்காது."

"எனக்கு இதுவே நல்லாத்தான் இருக்கு."

"நின்னுக்கிட்டே போறதா?"

"பயமில்லாமப் போறது." அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். "இருபது வருஷமா உங்க பக்கத்துல காலை ஊணிக்கிட்டுத்தான் வர்றேன். இறங்கும்போது முட்டி விண்ணுன்னு வலிக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. நீங்க ரேடியோவைச் சத்தமா வச்சீங்க."

 

வருடம் முடிந்தும் லைசென்ஸ் தானாக வந்து நிற்கவில்லை. நான்கு சனிக்கிழமை வகுப்பு, பிறகு எழுத்துத் தேர்வு. பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்ற கேள்விகளில் கோட்டைவிட்டார்.

"பிரேக்கை மிதிச்சிருந்தாத்தானேப்பா தெரியும்?" என்று மகள் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இரண்டாம் முறை தேறினார்.

ஓட்டிக் காட்டும் தேர்வில் அதிகாரி அம்மாள் பொறுமையிழந்தார். "இவ்வளவு மெதுவா போனா எப்படிங்க? பின்னாடி பாருங்க, ஊரே நிக்குது."

"நிக்கட்டும் மேடம்" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று மனைவியிடம் கேட்டார். "நாளைக்குக் கார்ல கொண்டுபோய் விடவா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"சரி."

மறுநாள் இருவரும் பஸ்ஸிலேயே போனார்கள். அவள் இறங்கிய பிறகு அவர் ஆலைக்குப் போய், மேலாளரிடம் வேன் சாவியை வாங்கி, இருக்கையைத் தன் உயரத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டார். முதல் மருத்துவமனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.