இருபத்தேழாம் பெட்டியில் மாதா

"மாதாவே நேர்ல வந்து கேமரா முன்னாடி நின்னாலும் சரி, செல்வநாதன் பேனாவுல சிவப்பு மார்க்குதான்!"

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துக் கடைசி சனிக்கிழமை, ராயபுரத்து மெட்ரிக் பள்ளி ஒன்றின் இணையவழிப் பெற்றோர் கூட்டத்தில், உடற்பயிற்சி ஆசிரியரும் ஒழுங்குப் பொறுப்பாளருமான செல்வநாதன் திருவாய் மலர்ந்தருளிய வாசகம் இது. அறுபது பெற்றோர் அறுபது பெட்டிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். எல்லோருடைய மைக்கையும் அவரே அணைத்து வைத்திருந்ததால் யார் சிரித்தார்கள் என்பது சரித்திரத்தில் இல்லை.

அவர் சும்மா சொல்லக்கூடியவர் அல்ல. இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு முறை சொந்த மகன் பென்னியையே இரண்டு நிமிடத் தாமதத்துக்காகப் பள்ளி கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய ஸ்கூட்டர் கிளம்பாததால் வந்தவை. பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். ஆனால் ஆசிரியர்களுக்கான கேட் வேறு. அவர் அதன் வழியாக உள்ளே வந்து, இந்தப் பக்கக் கேட்டுக்கு நடந்துபோய், மகன் முகத்தில் அறைந்தாற்போல் சாத்தினார். ராயபுரத்தில் இதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பென்னியும் சொல்வான், கொஞ்சம் வேறு மாதிரி.

கொரோனா வந்து அந்தக் கேட்டை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். வேறு ஆளாக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார். செல்வநாதன் மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினார். (தண்ணீர் இல்லாமல் என்பது அவர் சொன்னது, டீ கணக்கில் வராது.) முழுச் சீருடை, டை உட்பட. கேமரா எப்போதும் எரிய வேண்டும். திரையில் வேறு நபர் தெரியக்கூடாது. கையைத் தூக்கி அனுமதி வாங்காமல் இடத்தை விட்டு எழக்கூடாது. மீறினால் சிவப்பு மார்க். மூன்று சிவப்பு மார்க் சேர்ந்தால் ஒரு மாதம் வகுப்பிலிருந்து நீக்கம். மன்னிப்புக்கு அவர் ஒரு விதிகூட எழுதவில்லை. தாளில் இடம் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் மைக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்டுத் துணிந்து பேசியவர் ஒருவர்தான். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் அடைக்கலமேரி.

"சார், எங்க வூடு எட்டுக்குப் பத்து. நானு, என் வூட்டுக்காரரு, புள்ளைங்க ரெண்டு, மீன் கூடை மூணு. வேற ஆளு தெரியக்கூடாதுன்னா நாங்க கடல்ல போயா சார் நிக்கிறது?"

அதற்குத்தான் மேற்படி வாசகம் பதிலாக வந்தது.

அடைக்கலமேரியின் கவலைக்குக் காரணம் இருந்தது. அவர் மகள் ஜானட் பத்தாம் வகுப்பு. கணக்கில் புலி. அவள் பெயருக்கு எதிரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு மார்க். முதலாவது, பக்கத்து வீட்டுப் பூனை கானாங்கெளுத்தித் தலையைக் கவ்விக்கொண்டு திரையைக் கடந்ததற்கு. இரண்டாவது, டை அணியாததற்கு. டை வீட்டில்தான் இருந்தது; வீட்டில் மேஜை இல்லாததால் அதை வைத்துத்தான் போனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள். இந்த மார்க்குக்குப் பிறகு அவள் அப்பா எங்கிருந்தோ ஒரு சின்ன மேஜையைத் தூக்கிவந்து போட்டார். இன்னும் ஒரு மார்க் விழுந்தால் ஒரு மாதம் பாடம் போச்சு.

அக்டோபர் பிறந்தது. செபமாலை மாதம். ராயபுரத்துக் கத்தோலிக்கத் தெருக்களில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த மாதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுப் பெண்தான் முந்தைய வீட்டில் வாங்கித் தூக்கிவர வேண்டும். பின்னால் பாடிக்கொண்டே வருவார்கள். அன்பியத்தின் செயலாளர் யார் என்று கேட்கத் தேவையில்லை. ஐந்து பேருக்கு மேல் கூடாது, முகக்கவசம் கட்டாயம், மாலை சரியாக ஆறு மணி, மாதா ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வரக்கூடாது என்று செல்வநாதனே அட்டவணை போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். ஏழாம் தேதி புதன்கிழமை: அடைக்கலமேரி இல்லம்.

அதே கையால், அதே பேனாவால், ஏழாம் தேதி புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சிறப்பு வகுப்பு என்று பள்ளி அட்டவணையிலும் போட்டிருந்தார். ஒரு மனிதர் இரண்டு இடங்களில் கண்டிப்பாக இருந்தால் இப்படி நேரும். மாற்றச் சொல்லிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை ஆறு மணி. டெபோரா மிஸ் இருபடிச் சமன்பாட்டைத் தொடங்கினார். மாணவர்கள் நாற்பத்தொரு பெட்டிகளில். கண்காணிப்பாளர் செல்வநாதன் தனிப் பெட்டியில், கையில் சிவப்புப் பேனா, மடியில் ஒழுங்குப் பதிவேடு. பக்கத்துத் தெருவிலிருந்து பெண்கள் பாடிக்கொண்டு வருவது அவர் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. மாதா நேரத்துக்கு வருகிறார் என்று திருப்தியோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

சட்டென்று பாட்டு நின்றது.

திரையைப் பார்த்தார். இருபத்தேழாம் பெட்டியில் ஜானட் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல் திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே பாதிக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு நீல அங்கியின் ஓரம், பெட்டியைத் தாங்கிய ஒரு முழங்கை. மற்ற உடம்பை அடைக்கலமேரி சுவரோரமாக மறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கால் வைத்தால் மகளுக்கு மூன்றாவது மார்க். சுரூபத்தை வைக்க அந்த வீட்டில் இருந்தது ஒரே மேஜை. அதில் ஜானட்டின் போனும் கணக்கு நோட்டும் இருந்தன.

ஷாரிக் என்ற பையன் அனுமதியில்லாமல் மைக்கைத் திறந்தான். "சார், ஜானட் வூட்டுக்கு மாதா வந்துகீறாங்க சார். மார்க்கு ஜானட்டுக்கா, மாதாவுக்கா சார்?"

நாற்பது பெட்டிகளில் வாய்கள் பொத்தப்பட்டன. செல்வநாதனின் பேனா மூடி திறந்தே இருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். அறுபது சாட்சிகள்.

அந்த முழங்கை நடுங்கத் தொடங்கியது. அந்தப் பெட்டியின் கனம் அவருக்குத் தெரியும். மாதத்தின் முதல் தேதி அவர் வீட்டுக்குத்தான் வந்தது. சம்பிரதாயத்தை மீறி, நான் தூக்குகிறேன் என்று மனைவியிடமிருந்து வாங்கி, நான்கே வீடு தள்ளித் திருப்பிக் கொடுத்தவர் அவர். இங்கே அடைக்கலமேரி மூச்சுவிடாமல் நின்றார். பின்னால் நான்கு பெண்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். ராயபுரத்தில் யார் வீட்டு வாசலிலும் நிற்காத மாதா, விதி எண் மூன்றை மதித்து, தெருவில் காத்திருந்தார்.

ஜானட் மெதுவாகக் கையைத் தூக்கினாள். விதிப்படி. அனுமதி கேட்டு. முகம் நேராக, டை நேராக, கண் மட்டும் நிரம்பி.

செல்வநாதன் பேனாவை மூடினார். மறு நொடி அவருடைய பெட்டி கறுப்பானது.

டெபோரா மிஸ் கெட்டிக்காரர். "எல்லாரும் புஸ்தகத்துல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் தலை நிமிரக்கூடாது. ஷாரிக், உனக்கும்தான்டா!" என்றார்.

நாற்பது தலைகள் குனிந்தன. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருவில் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. இருட்டடித்த கேமராவுக்குப் பின்னால், ஒழுங்குப் பொறுப்பாளர் எழுந்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, முழுப் பாட்டையும் கேட்டார்.

ஆறு பன்னிரண்டுக்கு அவர் பெட்டி வெளிச்சமானது. இருபத்தேழாம் பெட்டியில் ஜானட் மட்டும் இருந்தாள். வேறு நபர் இல்லை. முன்பைவிட முகம் கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் உயரத்திலிருந்து தெரிந்தது. மேஜைமேல் வைத்த கண்ணாடிப் பெட்டியிலேயே போனைச் சாய்த்திருந்தாள். மாதா கேமராவுக்குப் பின்னால் இருந்தார். மிஸ் கேட்ட கணக்குக்கு முதலில் விடை சொன்னதும் அவள்தான்.

வகுப்பு முடிந்ததும் செல்வநாதன் பதிவேட்டைத் திறந்து, அழகான கையெழுத்தில், நீல மையில் எழுதினார்: 'மாலை 6.00 முதல் 6.12 வரை மின்தடை. கண்காணிப்பாளருக்கு எதுவும் தென்படவில்லை.'

டீ கொண்டுவந்த அவர் மனைவி பிலோமினா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"இன்னாங்க இது? கரண்ட் எங்க போச்சு? அப்பலேர்ந்து ஃபேன் சுத்திகினு கீதே!"

செல்வநாதன் எழுந்து போய் ஃபேன் சுவிட்சை அணைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கக் கையெழுத்துப் போட்டார்.