படமாகப் போட்ட அறிவித்தல்

கொத்மலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் ஜீவராணி. பதினோரு வயதில் அவளுக்குக் கரும்பலகை மங்கத் தொடங்கியது. பின் வாங்கிலிருந்து முன் வாங்குக்கு மாறினாள். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். விழித்திரை நோய் என்றார்கள், மருந்து கிடையாது என்றார்கள். பதினைந்து வயதில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையொன்றில் சேர்ந்து புள்ளி எழுத்தும் கணினியும் படித்தாள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தாள். அம்மா அழகம்மா கொழுந்து எடுப்பவள். பெறுபேறு வந்த நாளில் அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அதுதான் அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டம்.

பல்கலைக்கழகத்தில் ஜீவராணிக்குத் துணை அவளுடைய போன். திரையில் உள்ளதை அது வாசித்துச் சொல்லும். வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அப்படியே பாடக் குறிப்புகளை முடித்துவிடுவாள். ஆனால் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்குள் போனால் அந்தக் குரல் தடுமாறும். "படம். இணைப்பு. படம். படம்." அவ்வளவுதான் சொல்லும். அறிவித்தல்களைத் தாளில் அச்சடித்து, கையெழுத்து வைத்து, அந்தத் தாளைப் படமெடுத்துப் போட்டுவிடுவார்கள். கண் உள்ளவருக்கு அது எழுத்து. ஜீவராணியின் போனுக்கு அது ஒரு வெறும் படம்.

அதனால் அறிவித்தல் என்றால் விடுதி அறைத்தோழி ஜெரோமி வாசித்துச் சொல்வாள். ஜெரோமி மலையடிவார ஊரான நல்லதண்ணியைச் சேர்ந்தவள். யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால் அவர்கள் வீட்டில் எல்லோரும் கடையில் நிற்க வேண்டும். இரண்டாம் வருடத்து ஜனவரி விடுமுறையில் அவள் அங்கே நின்றாள். ஜீவராணி தோட்டத்தில் இருந்தாள். அந்த விடுமுறையில்தான், ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். ஜீவராணிக்குச் சமூகவியல் படிக்க ஆசை. முதலாம் வருடத்தில் அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே கூடின புள்ளி அவளுக்குத்தான்.

ஜெரோமி பொதுப் பட்டமே போதும் என்று இருந்தவள். அவளுக்கு அந்த விண்ணப்பம் தேவைப்படவில்லை. ஒரு நாள் காலை சும்மாதான் கூப்பிட்டாள்.

"ஜீவா, ஸ்பெஷலுக்குப் போட்டுட்டதானே?"

"இன்னும் கேக்கலியேடி."

"கேட்டு முடிஞ்சிருச்சி ஜீவா. நேத்தோட முடிஞ்சிருச்சி. நான் நெனச்சேன், யாராவது ஒனக்குச் சொல்லியிருப்பாங்கன்னு."

யாரும் சொல்லவில்லை. வகுப்பு வாட்ஸ்அப்பில் வந்திருந்ததும் அதே படம்தான்.

மறுநாள் விடியவே பஸ் ஏறி, ஜீவராணி உதவிப் பதிவாளரின் அறைக்குப் போனாள். அவர் கடுமையான ஆள் இல்லை. உட்காரச் சொன்னார்.

"மூன்று மொழியிலும் போட்டோமே தங்கச்சி. பத்து நாள் இருந்ததே."

ஜீவராணி போனை மேசையில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். குரலின் வேகத்தைக் குறைத்தாள். "படம். ஐ எம் ஜி, இரண்டு, பூச்சியம், நான்கு, ஏழு," என்றது போன். பிறகு மௌனம்.

"எனக்கு இதுதாங்க சேர் கேட்டுச்சி. பத்து நாளும் இதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவுத் திகதி பீடச் சபை போட்டது, அதைத் தன்னால் மாற்ற ஏலாது, மேன்முறையீடு எழுதுங்கள் என்றார். எழுதினாள். மூன்று கிழமை கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது. அதுவும் படமெடுத்த கடிதம். ஜெரோமிதான் வாசித்தாள். இடங்கள் நிரம்பிவிட்டன, வருந்துகிறோம் என்று இருந்தது. வாசித்துவிட்டு ஜெரோமி அழுதாள். ஜீவராணிக்கு அழுகை வரவில்லை. ஜெரோமியைத் தேற்ற வேண்டியிருந்தது.

அழுகை வீட்டில் வந்தது. அழகம்மா அடுப்பருகே நின்று முழுக் கதையையும் கேட்டாள்.

"காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல நாங்க நூறு பேரு நிக்கிறோம். வேலை பிரிக்கிற கண்டாக்கையா ஒவ்வொருத்தியா பேரு சொல்லித்தான் கூப்புடுறாரு. பேரு கேக்கலைன்னா ரெண்டாந்தரம் கூப்புடுவாரு. ஒன்னய ஒருதரங்கூட யாரும் கூப்புடலியா புள்ள?"

"கூப்பிட்டாங்கம்மா. எனக்குக் கேக்காத மாதிரி கூப்பிட்டாங்க."

"அப்ப கேக்குற மாதிரி கூப்புடச் சொல்லு."

அம்மா அதைக் கோபத்தில் சொன்னாள். ஜீவராணி அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் கோயில் பக்கத்து மேட்டில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, பல்கலைக்கழக இணையத்தளத்தை முதல் பக்கத்திலிருந்து தன் போனை வாசிக்க விட்டாள். வாசித்ததை ஒலிப்பதிவு செய்தாள். பதினெட்டு நிமிடம். தளத்தைக் கவனிக்கும் பிரிவுக்கு அதை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினாள்: "இதைக் கேட்டு, விடுதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எனக்குச் சொல்லுங்கள்."

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் விடுதி வாசலில் ஒருவர் வந்து நின்றார். கணேசமூர்த்தி, வலப்பனைக்காரர், அந்தப் பிரிவில் ஐந்து வருடமாக வேலை.

"நீங்க அனுப்பினது என்னான்னு தெரியாம கென்டீன் வரிசையில நின்னு போட்டுக் கேட்டேன் தங்கச்சி. சாப்பாடு வாங்காமலே வந்திட்டேன். அந்தப் பக்கத்தச் செஞ்சது நான்தான்."

"அப்ப சொல்லுங்க சேர், விடுதிக்கு எப்படிப் போடுறது?"

"தெரியல. எனக்கும் தெரியல."

இரண்டு கிழமையில் அவர் ஒரு தீர்வோடு வந்தார். பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பொத்தான். அமுக்கினால் தளமே வாசிக்கும். ஜீவராணி அமுக்கினாள். தளம் ஒரு குரலில் ஆங்கிலத்தில் பேசியது. அதே நேரம் அவளுடைய போனும் பேசியது. இரண்டு பேர் சண்டை போடுவதுபோல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேர், எங்கிட்ட குரல் இருக்கு. எனக்கு வாசிக்கிறதுக்கு எழுத்துதான் வேணும்."

கணேசமூர்த்தியின் முகம் சுண்டிப் போனது என்று, கூட வந்திருந்த ஜெரோமி பிறகு சொன்னாள். ஆனால் அவர் விடவில்லை. அதன்பிறகு வாரத்தில் இரண்டு பின்னேரம் ஜீவராணி அவருடைய அறையில் உட்கார்ந்தாள். அவள் கேட்பாள், எங்கே தடுக்கிறது என்று சொல்வாள், அவர் திருத்துவார். விண்ணப்பத்தில் கோணல் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் பெட்டியை எடுத்தார்கள். பெயர், முகவரி என்று எந்தக் கட்டத்துக்கு எது என்பதைப் போன் சொல்லும்படி செய்தார்கள். காது கேளாத மாணவர் ஒருவர் வந்து, விளக்கக் காணொளிகளில் பேசுவதற்குக் கீழே எழுத்து வேண்டும் என்றார். அதுவும் பட்டியலில் ஏறியது.

பெரிய சிக்கல் தமிழ்ப் பக்கங்களில் இருந்தது. படமாக இல்லாத அறிவித்தல்களைக்கூடப் போன் சரியாக வாசிக்கவில்லை. 'அன்புள்ள' என்று இருக்கும் இடத்தில் போன், "எம், டி, அரைப்புள்ளி, ஜி, எஸ்" என்றது. அலுவலகத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்வதால் வந்த வினை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. தட்டச்சாளர் சுகிர்தம் பத்தொன்பது வருடமாக அந்த முறையில் அடிப்பவர். மாறச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

"கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன் நான் இத. புதுசுல ஒவ்வொரு எழுத்தாத் தேடச் சொல்றீங்களா?"

"நானும் கண்ணத் தொறந்து அடிக்கலியே அக்கா," என்றாள் ஜீவராணி. "பக்கத்துல உக்காரட்டுங்களா? பத்து நாள்ல வந்திரும்."

ஒரு மாதம் பிடித்தது. சுகிர்தத்தின் விரல்களைப் பிடித்துப் புது இடங்களில் வைத்துக் காட்டினாள் ஜீவராணி. அவர் அடித்த முதல் அறிவித்தல் நூலகம் பூட்டும் நேரம் பற்றியது. ஜீவராணியின் போன் அதை முதலிலிருந்து கடைசிவரை தெளிவாக வாசித்தது. சுகிர்தம் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த ஜனவரியில் சிறப்புப் பட்ட விண்ணப்பம் எழுத்தாகவே வந்தது. பார்வையற்ற மூன்று மாணவர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருவனுக்குச் சமூகவியல் கிடைத்தது. அவன் ஓடி வந்து சொன்னபோது ஜீவராணிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு தரம்தான் விண்ணப்பம் கேட்பார்கள்; அவளுடைய இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை. பொதுப் பட்டத்தோடுதான் வெளியே வந்தாள். அதைப் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு வேணும்னுதான் இருந்துச்சி," என்று நேராகவே சொல்வாள்.

இப்போது அவள் ஹட்டனில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அம்மாவையும் கூட்டி வந்து வாடகை வீட்டில் வைத்திருக்கிறாள். போன மாதம் பல்கலைக்கழகம் தன் தளத்தைப் புதுசாக்கியது. யாரோ வெளியாட்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஜீவராணி ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து கேட்டாள். விண்ணப்பங்களைப் போன் வாசித்தது. ஆனால் முதல் பக்கத்தில் மறுபடியும் "படம், படம்" என்றது.

ஒலிப்பதிவு செய்து கணேசமூர்த்திக்கு அனுப்பினாள். இந்த முறை ஆறு நிமிடம்தான். ஒரு மணித்தியாலத்தில் அவரே கூப்பிட்டார்.

"கேட்டேன் தங்கச்சி. திங்கக்கெழம தளம் செஞ்சவங்களக் கூப்பிட்டு உக்கார வைக்கிறேன். நீங்களும் போன்ல இருக்க ஏலுமா?"

"காலையில ஆபீஸ் சேர். ரெண்டு மணிக்குப் பொறகு எடுங்க," என்றாள் ஜீவராணி.