லாரிக்காரி கைமாறியபோது

லாரிக்காரி படங்களை எடுத்த கம்பெனி, அந்தக் கதையின் உரிமை முழுவதையும் மும்பைக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டது என்ற செய்தியை நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் எழுந்திருக்க மனமில்லை. முதலில் நங்கையாளுக்குத்தான் போன் செய்தேன்.

நங்கையாள் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் அந்த உறவை அப்படித்தான் சொல்வோம். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் எனக்கும் அவருக்கும் பேச விஷயமே இருக்காது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து லாரிக்காரி முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று பேச ஆரம்பித்தோம். அதன் பிறகு நிறுத்தவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் ஒரு பெண் டிரைவரின் கதை அது. கோயமுத்தூர்க்காரர்களான இரண்டு நண்பர்கள் எடுத்தது. அது ஓடி, அடுத்து இரண்டு படங்கள் வந்தன. மூன்றிலும் அவள் எங்கள் பேச்சைத்தான் பேசினாள். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சினிமாவில் கொங்குப் பேச்சு வந்தால் சிரிப்பதற்காகத்தான் வரும் என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம். சென்னையில் படித்த காலத்தில் நான் ஒருத்தியை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டதற்கு வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இரண்டே மாதத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். லாரிக்காரியோ அதே பேச்சில் அழுதாள், காதலித்தாள், ஒரு கொலைகாரனைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துவந்தாள். தியேட்டரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

செய்தியைச் சொன்னதும் நங்கையாள், மும்பைக்கா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “நம்ம புள்ளைய யாரு கையில குடுத்தாங்களோ தெரியலியே கண்ணு” என்றார்.

அவருக்குப் பயத்தோடு ஆசையும் இருந்தது. பெரிய கம்பெனி என்றால் வெள்ளியங்கிரி மலையை நன்றாகக் காட்டுவார்கள், தெலுங்கிலும் இந்தியிலும் நம் பெண்ணைப் பார்ப்பார்கள் என்றார். எனக்குப் பயம் மட்டும்தான். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று சொல்லி அவள் பேச்சை வழித்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நாலாவது படத்தின் டிரெய்லர் வந்தபோது நான் பயந்தபடியே இருந்தது. செக்போஸ்ட்டில் லாரியை மறிக்கும் அதிகாரியைப் பார்த்து அவள் கழுத்து நரம்பு புடைக்க, டேய் என்று கத்துகிறாள். பக்கத்தில் புதிதாக ஒரு கிளீனர், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு இழுக்கிறான். அவனைச் சிரிப்புக்காகவே சேர்த்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போய் நங்கையாளுக்கு டிரெய்லரைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. இவள் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்றுதான் கேட்டார். கோபம் வந்தால் நம் ஆட்களின் பேச்சில் மரியாதை குறையாது, கூடத்தான் செய்யும், அது இவர்களுக்குத் தெரியவில்லை என்றார். அப்படியென்றால் அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டு, போனில் படம் பிடித்தேன்.

நங்கையாள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, எதிரே அதிகாரி நிற்பதுபோல ஒரு தென்னை மரத்தைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

“ஏனுங் சார், நீங்க பெரியவரு. நான் வண்டிய உட்டு எறங்கிப்போட்டன்னா, அப்பறம் சின்னவளா இருக்க மாட்டனுங்க.”

அவரிடம் கேட்டுக்கொண்டு அதை லாரிக்காரி ரசிகர்களின் இணையப் பக்கத்தில் போட்டேன். கேலி செய்தவர்களும் இருந்தார்கள், பாட்டியம்மாவுக்கு நடிக்க ஆசை என்று ஒருவர் எழுதினார். ஆனால் ஈரோடு, பவானி, தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். எங்கள் லாரிக்காரி இவர்தான் என்று எழுதினார்கள். ஒரு வாரத்தில் அது கம்பெனியின் கண்ணில் பட்டுவிட்டது.

வசனப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். மதுரைக்காரி. டப்பிங் இன்னும் முடியவில்லை, நேரில் வரலாமா என்று கேட்டாள். சொன்னபடியே வந்து இரண்டு நாள் தோப்பு வீட்டில் தங்கினாள். அவள் வசனத்தைப் படிப்பாள், நங்கையாள் காய்கறி நறுக்கியபடியே திருத்துவார், நான் எழுதுவேன். எல்லா இடத்திலும் ‘ங்க’ சேர்த்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். எந்த இடத்தில் அது அன்பு, எந்த இடத்தில் எச்சரிக்கை, எந்த இடத்தில் ஆளைத் தள்ளி வைப்பது என்று நங்கையாள் பேசிப் பேசிக் காட்டினார். இத்தனை வருஷம் நான் வெட்கப்பட்டு மறைத்த பேச்சில் இவ்வளவு இருந்ததா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

செக்போஸ்ட் காட்சியை மட்டும் திரும்ப எடுக்கப்போகிறோம், வீடியோவில் சொன்ன வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது நங்கையாள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கிளீனரைப் பற்றித்தான் பேசினார்.

“அந்தப் பையனயும் மனுசனாப் பேச வைங்க அம்மணி. எங்கள நாங்களே பாத்துச் சிரிக்கோணுமா?”

அவன் காட்சிகளை எடுத்து முடித்தாயிற்று, வெட்ட முடியாது, குரலை வேண்டுமானால் மாற்றக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் அவள். உறுதி எதுவும் தரவில்லை.

படம் வெளியான அன்று காந்திபுரத்தில் காலைக் காட்சிக்குப் போனோம். நங்கையாள் கல்யாண வீட்டுக்குக் கட்டும் பட்டுச் சேலையில் வந்திருந்தார். படம் முழுக்க நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. லாரி புத்தம்புதிதாகப் பளபளத்தது. பாட்டுகள் வேறு யாருக்கோ போட்டவை போலிருந்தன. மலை மட்டும் நங்கையாள் ஆசைப்பட்டபடி திரை நிறைய வந்தது. கிளீனர் அதே ஆள்தான், ஆனால் அவிநாசிப் பக்கத்துப் பையன் பேசுவது போலவே பேசினான். அவன் சொன்ன ஜோக்குக்கு நாங்களும் சிரித்தோம்.

செக்போஸ்ட் காட்சியில் அவள் கத்தவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அந்த வார்த்தைகளை மெதுவாகச் சொன்னாள். அவள் முடித்ததுமே தியேட்டரில் விசில் கிளம்பியது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. நங்கையாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். கண் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை அவரே அந்த மதுரைப் பெண்ணுக்குப் போன் செய்து, தேங்காய் லோடுக்கு யாரும் படத்தில் காட்டியதுபோலக் கயிறு கட்ட மாட்டார்கள், முதல் திருப்பத்திலேயே பாதிக் காய் ரோட்டில் கிடக்கும் என்று விளக்கமாகச் சொன்னார். மத்தியானம் தோப்பில் காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் படத்துக்குக் கிளம்பிவிட்டார்.