பாட்டில் பிடிக்கப் புதுச்சேரிக்குப் போனேன்

பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், கீழே வரும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்பினால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு. நேரம், தூரம், டிக்கெட் விலை மட்டும் சரியாகவே இருக்கும். போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து கிளம்பினேன். கடற்கரை பார்க்க அல்ல. பொறாமைதான் காரணம். என் மனைவியின் தங்கை பூங்கொடி கால்நடை விஞ்ஞானி. கறவை மாட்டுக்கு வரும் நோய்கள்தான் அவளுடைய படிப்பு, வேலை, பேச்சு எல்லாம். எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லாமல் ஒரு டம்ளர் பால் காய்வதில்லை. முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளைக் கண்ணின் மணிபோலக் காத்து, ஒன்றைக்கூட நகரவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். என்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை? அவளிடம் ஒரே ஒரு குறையாவது கண்டுபிடித்துத் திரும்புவது என்று முடிவுசெய்தேன்.

காலை 6.10 பஸ். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். 7.20க்குப் புதுச்சேரி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நெல்லித்தோப்புக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். டாக்டர் பூங்கொடி வீடு என்றேன்.

“மாட்டு டாக்டரம்மா வூடா? முன்னாடியே சொல்லக் கூடாதா சார். அறுபது குடுங்க. அவங்களுக்கு நீங்க என்னா வேணும்?”

“அக்கா புருஷன்.”

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். “பாத்தா அப்டித் தெரியலியே.”

இருபது ரூபாய் மிச்சம். ஆனால் மனசு எரிந்த எரிச்சலுக்கு இரண்டு இளநீர், நூறு ரூபாய்.

அவள் வீட்டுக் கூடத்தில் சுவரே தெரியவில்லை, அத்தனை கேடயம். மில் தொழிலாளியின் மகள். கால்நடை மருத்துவம் படித்தாள். அதற்கு மேலும் படித்தாள். கன்று ஈன்ற மாடு ஏன் திடீரென்று படுத்துவிடுகிறது என்று ஐந்து வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கினாள். அன்றிலிருந்து பாதி நாள் ஆய்வுக்கூடம், பாதி நாள் கொட்டகை. மாடு விழுவதைப் பற்றிப் பேச ஹாலந்துக்காரர்கள் இவளை விமானத்தில் அழைத்துப் போனார்கள். நானே குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஒரு ஆட்டோகூட வரவில்லை.

இட்லிக்கு உட்காரும்போது அவள் போன் அடித்தது. சேதராப்பட்டிலிருந்து செல்வி என்ற பெண். நேற்று கன்று போட்ட மாடு காலையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். “பால் காய்ச்சலா இருக்கும், வந்துட்டேன்” என்றாள் பூங்கொடி. இட்லி தட்டிலேயே இருந்தது. அவள் ஸ்கூட்டரில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். அது ஸ்கூட்டர் அல்ல, விண்கலம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையைத் தாண்டியபோது என் மூக்குக்கண்ணாடி ஒரு விநாடி பின்னால் தங்கிவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தது. பதினான்கு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

செல்வி பக்கத்துத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறவள். அன்று லீவு போட்டிருந்தாள். வாசலில் எங்களைக் கண்டதும் நேராக என் மீசையை நோக்கி ஓடி வந்தாள்.

“டாக்டர் சார், சீக்கிரம் வாங்க! எந்திரிக்கவே மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போறப்ப யாவாரிக்குச் சொல்லிட்டாரு. பத்து மணிக்கு வண்டி வருது, அறுப்புக்கு ஏத்திடுவாங்க. ஏம்மா நர்ஸு, நின்னுட்டே இருக்கியே, பெட்டிய எடுத்தா!”

பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் மறுக்க வேண்டிய நேரம் அது. மறுக்கவில்லை. ‘டாக்டர் சார்’ என்பது காதில் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பெட்டியைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து, வெந்நீர் கேட்டு அதில் வைத்தாள்.

மாட்டின் பெயர் மதாம். பிரெஞ்சுக்காரச் சீமாட்டி என்று அர்த்தம், அதன் நடைக்காக வைத்த பெயராம். அன்று நடை இல்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் ஈரம் உலராத கன்று.

“என்னா சார் நோவு?”

“காய்ச்சல்” என்றேன் கம்பீரமாக. “ஈரத்துணி போடுங்க.”

செல்வி ஒரு பழைய புடவையை நனைத்து மாட்டின்மேல் போர்த்தினாள். ஊசியும் குழாயுமாகத் திரும்பிய பூங்கொடி அதைப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள்.

“மாமா, அது காதைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். குச்சி ஐஸ்.

“பேருதான் காய்ச்சல். உடம்பு சில்லுன்னு போயிடும். கன்னு போட்டதும் ரத்தத்துல இருக்கற கால்சியம் பூரா பாலுக்கு எறங்கிடுது. அத நரம்புல ஏத்தணும். செல்வி, காஞ்ச சாக்கு எடுத்துட்டு வா.”

“மாமாவா?” செல்வி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப டாக்டரு நீதானா? ஐயோ, போன்ல பேசனதும் நர்ஸுன்னுல்ல நெனச்சேன்! அப்ப இவரு?”

“இவரு பாட்டில் பிடிக்கறவரு.”

பிடித்தேன். கழுத்து நரம்பில் ஊசி. பாட்டில் என் கையில். என் கை மேகத்தில் இடித்தது, இரண்டு கொக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. அவள் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்தபடி, “எறக்குங்க மாமா, வேகமாப் போனா இதயம் நின்னுடும்... இப்ப கொஞ்சம் தூக்குங்க” என்றாள். அவள் முகத்தில் என் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். மாடு மட்டும்தான் இருந்தது.

9.55க்கு வாசலில் வண்டிச் சத்தம். செல்வி போய்ப் படலை இழுத்துச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். “இரு அண்ணே, டாக்டரம்மா பாத்துட்டிருக்காங்க.”

“எவ்ளோ நேரந்தான் இருக்கறது?”

“இருக்கற நேரம் இருண்ணே!”

மதாமின் தொடை நடுங்கியது. ஒரு பெரிய ஏப்பம். சாணி போட்டது. முன்னங்காலை ஊன்றியது, சரிந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் முறை பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி, நின்றேவிட்டது. நின்ற கையோடு என் வேட்டியை நக்கிவிட்டுக் கன்றிடம் போனது. வண்டி காலியாகத் திரும்பியது.

“ரெண்டு நாளைக்கு மடிய முழுசாக் கறக்காத. மறுபடியும் படுத்தா உடனே கூப்டு” என்று சொல்லிவிட்டுப் பூங்கொடி கை கழுவப் போனாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் ஊர்வலம் கேட்டிருப்பேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளை வேட்டி வேண்டாம். காலை பஸ்ஸைப் பிடியுங்கள், மதியம் 1.40க்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கிறது. மாடு வைத்திருப்பவர்களுக்கு: கன்று போட்ட மாடு எழாமல், காதும் சில்லிட்டிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். நெஞ்சு தரையில் இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அன்று மாலை அவள் அக்காவிடம் போனில் சொன்னாளாம்: “மாமாதான் பாட்டில் பிடிச்சாரு, இல்லன்னா கஷ்டம்.” ‘டாக்டர் சார்’ கூத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் கேடயங்களைவிட இதுதான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல். நானாக இருந்தால் விழுப்புரம் முழுக்க போஸ்டர் ஒட்டியிருப்பேன். எனவே நானே சொல்லிவிடுகிறேன்: விண்கலம், மேகம், கொக்கு எல்லாம் என் கைச்சரக்கு, நம்ப வேண்டாம். ஈரத்துணி போடச் சொன்னது மட்டும் உண்மை.