பெரட்டில் படித்த கடிதம்

எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே நா எழாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டு மட்டும் போகவில்லை. காலையில் ஆள் எண்ணும் அந்த இடத்தில்தான் மேலிருந்து வரும் எதையும் படிப்பார்கள். கேட்டதற்கு அடையாளமாக எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அன்று ஈப்போ தலைமை அலுவலகத்திலிருந்து நிர்வாக இயக்குநரின் கடிதம் தமிழில் வந்திருந்தது. வழக்கமாகப் படிக்கும், கணக்கெழுதும் கிராணி விடுப்பு. மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார்.

"படிச்சிட்டு சைன் வாங்கிரு. போட்டோ எடுத்து அனுப்பணும். அடுத்த வாரம் ஆடிட் வராங்க."

சுற்றுச்சூழல், நேர்மை, வெளிப்படைத்தன்மை என்று படித்துக்கொண்டே போனேன். முன்னதாக ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. "களைக்கொல்லி தெளிக்கும் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் புதிய கையுறையும் முகமூடியும் வழங்குகிறோம்" என்று என் வாயே சொல்லிவிட்டது.

மருந்தடிக்கும் பெண்கள் ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான்தானே.

அவர்களில் மூத்த அக்கா, நகமெல்லாம் கறுத்தவர், கேட்டார்: "மாசாமாசமா? அப்ப எங்க பங்க எங்க வெச்சிருக்க தங்கச்சி? பாசார் மாலாம் ராச்சந்தையில கடை போட்டு வித்துட்டியா?"

சிலர் சிரித்தார்கள். "பாத்தா வாயில்லாப் பூச்சி லா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேனேஜர் கைப்பேசியைத் தூக்கியபடி நின்றார். வருடத் தொடக்கத்தில் வந்த ஒரு பெட்டி கையுறை, முகமூடிக்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் மூன்று முறை கேட்டு எழுதிய தாள்களில் கையெழுத்திட்டவர் அவர்தான். நானும் பேசாமலிருந்தால் வேலை தங்கும். திருடி என்ற பெயரும் தங்கும்.

"வரலக்கா" என்றேன். சத்தம் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி சொன்னேன். "அந்த ஒரு பெட்டிக்கு அப்புறம் ஸ்டோருக்கு வரவே இல்லக்கா. மூணு வாட்டி எழுதிக் கேட்டேன். சாருக்குத் தெரியும்."

எல்லார் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது.

"அது ஆபீஸ் விசயம். சைன் போடுங்க, நேரமாச்சு" என்றார்.

அக்கா பேனாவை வாங்கினார். "போட்டா, வாங்கிக்கிட்டேன்னு ஆயிரும்ல சார்?" என்று கேட்டு அதைத் தாள்மேலேயே வைத்துவிட்டார். மற்ற ஐவரும் தொடவில்லை.

மறுநாள் ஈப்போவிலிருந்து ஒரு பெட்டி கையுறை வந்தது. முகமூடி வரவில்லை. என்னை ஸ்டோரிலிருந்து நாற்றங்காலில் கன்று சுமக்க மாற்றினார்கள்.